பெற்றவர் அறியாப் பல்

இதோய்கவா,
பிப்ரவரி மாதம், பனி விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

என் அன்புச் சிகுசாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ இருக்கும் சிலி நாட்டில் இப்போது வெயில் காலம். சூடு பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கத்தோடு நீ சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் புத்தர் மாடத்தில் ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுதினால் அது பாதிப் பொய். நான் தேறி வருகிறேன், அது நிஜம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், நீ அவசரப்பட்டுக் கடைசித் தாளைத் திருப்பாமல் வரிசையாகப் படி. கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய், அந்தப் புத்தி உனக்கு இன்னும் போயிருக்காது. அம்மா, ஏன் போனில் வார்த்தையை மென்று மென்று பேசுகிறாய், ஏன் முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறாய், அப்பாவைக் காட்டு என்றால் எப்போது கேட்டாலும் தூங்குகிறார் என்கிறாய் என்று நீ செய்தி மேல் செய்தி அனுப்பியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் உன்னைக் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் பல் நன்றாகிவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கட்டை விரலால் தட்டி அனுப்புகிற விஷயமும் இல்லை இது. அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

என் வலது கீழ்த்தாடையின் கோடியில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் தலை சாய்த்துப் படுத்துக் கிடப்பது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஈறு வீங்கும், உப்பு நீர் கொப்பளித்தால் அடங்கிவிடும், நானும் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகு என் பல்லைப் பார்க்க யாருக்கு நேரம். இந்தக் குளிர் தொடங்கியதும் அது அடங்க மறுத்தது. நம் தெருமுனைப் பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது இங்கே கையை வைக்கிற பல் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதினார். இருபது வயதில் முளைக்கும்போது பெற்றவர் பக்கத்தில் இருக்கமாட்டார்கள் என்றுதான் இதற்கு ஓயாஷிராசு, பெற்றவர் அறியாதது என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்கள். எனக்கு அறுபத்தொரு வயதில் பிடுங்கும்போதும் பெற்றவர் இல்லை, பெற்ற பிள்ளையும் பக்கத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது தோன்றியதை எழுதுகிறேன். அப்பாவை முதியோர் இல்லத்தில் நாலு நாள் தங்க விட்டுவிட்டுத்தான் போனேன். பல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள், எலும்பையும் கொஞ்சம் சீவினார்களாம். மரத்துப் போயிருந்ததால் வலி இல்லை, பக்கத்து அறையில் யாரோ ரம்பம் போடுகிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் கன்னம் வீங்கியது, காய்ச்சல் அடித்தது, எச்சில் விழுங்கினால் காதுக்குள் ஊசி குத்தியது. ஒரு காலை எழுந்து பல் துலக்கப் போனால் வாய் திறக்கவில்லை. துலக்கும் குச்சி உள்ளே போகவில்லை. கண்ணாடி முன் நின்று என் தாடையை என் கையாலேயே இழுத்துப் பார்த்தேன், துருப்பிடித்த கதவு போல நின்றது. உள்ளே சீழ் வைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

இதற்கு நடுவில் உன் கிமியே அத்தை செய்த கூத்தைக் கேள். அவள் தகாவோகாவிலிருந்து நம் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள், அப்பாவின் மாற்றுத் துணி எடுக்க வந்திருந்த நகுமோ எடுத்திருக்கிறாள், நமக்கு மதிய வேளையில் உதவிக்கு வருகிற பெண்தான், போட்டோவில் பார்த்திருப்பாய், வெள்ளந்தி. "அக்கா ஓயாஷிராசுல மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்காங்கம்மா, வாயே தெறக்கமாட்டேங்கறாங்க" என்று அவள் சொல்ல, அத்தைக்குப் பல்லா ஞாபகம் வரும்? நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பல்லுக்கு முன்னால் கடலோரப் பாறைதானே கண்ணில் நிற்கும். மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிற இடம். அலைக்கு நடுவே ஓடிக் கடக்கும்போது பெற்றவர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க முடியாது, பிள்ளையும் பெற்றவரைப் பார்க்க முடியாது என்று ஒரு பாதிக்கு ஓயாஷிராசு, மறு பாதிக்குக் கோஷிராசு, பிள்ளை அறியாதது. அங்கிருந்து நான் குதித்துவிட்டேன் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். அடுத்த ரயிலைப் பிடித்து வந்து என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "எந்தம்பியப் பாத்துக்கற பாரம் தாங்கலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி டாசுகோ, இப்படியா பண்ணுவ." நான் பேச முடியாமல் கன்னத்தைக் காட்டுகிறேன், அவள் பாறையில் அடிபட்ட வீக்கம் என்று நினைத்து இன்னும் பெரிதாக அழுகிறாள். பக்கத்துக் கட்டில்காரி திரையை விலக்கி, அம்மா, அது பல்லுங்க என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லா? ஒத்தப் பல்லுக்கா நான் சாவுக்கு உடுத்தற கறுப்புக் கிமோனோவ மடிச்சு எடுத்துட்டு ஓடி வந்தேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வாய் திறக்கவில்லை, மூக்கு வழியாகச் சிரித்துத் தாடை வலியில் கண்ணீர் வந்தது. அந்தக் கறுப்பு உடை இன்னும் நம் அலமாரியில்தான் தொங்குகிறது. அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

சீழ் வற்றியது, காய்ச்சல் விட்டது, வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் மட்டும் ஒரு விரல் அகலத்தில் நின்றுவிட்டது. அந்த ஒரு விரலையும் நான் சும்மா விடவில்லை. அப்பாவின் இடுப்பு வலிக்குக் கொடுத்த குளிர் ஒட்டுப் பட்டைகள் அலமாரி நிறைய இருக்கிறதே, எந்த வலிக்கும் அதுதான் மருந்து என்று நம் வீட்டுச் சட்டம், அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் வாயை மூடி வைத்திருந்தால் ஆறிவிடும் என்று கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடந்தேன். மறுபடி காட்டப் போனபோது அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், பட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. குளிர் வைப்பதெல்லாம் முதல் ஓரிரு நாளோடு சரி, அப்புறம் வெந்நீர்த் துணி வைத்து இளக்க வேண்டும், வலித்தாலும் வாயைத் திறந்து திறந்து பழக்க வேண்டும், நீங்கள் தாடைச் சதையைக் குளிர வைத்தும் அசைக்காமல் போட்டும் இறுக வைத்திருக்கிறீர்கள், இப்படியே விட்டால் அது இப்படியே தங்கிவிடும் என்றாள். பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்று சொல்லி வளர்ந்த உடம்பு, வலியைச் சும்மா இருந்து பொறுக்கத் தெரியும், அசைந்து பொறுக்கத் தெரியவில்லை. உனக்கும் இடது பக்கம் ஒரு பல் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வலி வரும் வரை காத்திராதே, இளம் எலும்பு சீக்கிரம் ஆறும், அங்கேயே நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டிவிடு. எடுத்த பிறகு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு பொழுதும் தாமதிக்காதே.

இனி அப்பா. நீ போன வருஷம் வந்தபோதே அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது, உன்னைப் பார்த்துச் சிரித்தார், பெயர் சொல்லவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அப்போது தொந்தரவு இல்லை. நீ போன பிறகு மெல்ல மெல்ல கரண்டி எதற்கு என்பதையும் மறந்தார். வாயருகே கொண்டு போனால் கரண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உதட்டைப் பூட்டிக்கொள்வார். ஒரு நாள் நான் அலுத்துப் போய், உனக்குச் சின்ன வயதில் ஊட்டினேனே அந்த மாதிரி, என் வாயைப் பெரிதாகத் திறந்து ஆ என்றேன், அவரும் ஆ என்று திறந்தார். அன்றிலிருந்து அதுதான் வழி. நான் திறந்தால் அவர் திறப்பார். நகுமோ வாயைத் திறந்து காட்டினால் அந்நியப் பெண்ணின் வாயைப் பார்க்கக் கூடாது என்பது போல மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார், அத்தை காட்டினால் கரண்டியைக் கடிப்பார். எல்லாம் மறந்து போய்விட்ட ஆளுக்கு என் வாய் மட்டும் மறக்கவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பி அப்பாவையும் இல்லத்திலிருந்து கூட்டி வந்தபோது என் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய், மஞ்சளும் ஊதாவுமாகக் கழுத்து வரை. நகுமோ வருகிறாள், நர்ஸ் வருகிறாள், கூரைப் பனி தள்ள ஆட்கள் வருகிறார்கள். அடுத்தவர் கண்ணுக்கு உறுத்தக் கூடாது என்று மூக்கையும் வாயையும் மறைக்கிற முகமூடி போட்டுக்கொண்டேன். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்றுவேன். வெளியே போட்டுப் போட்டு அது நமக்கு உள்ளாடை மாதிரி ஆகிவிட்டதே, வீட்டுக்குள் புருஷனுக்கு முன்னால் போட்டிருக்கிறோமே என்ற நினைப்புகூட எனக்கு இல்லை.

அப்பா நான் ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை. இல்லத்தில் நாலு நாள் என்று விட்டது, நான் படுத்துவிட்டதால் நீண்டுபோனது, அங்கேயும் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துதான் வந்திருந்தார். ஒரு மதியம் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்தேன். அவர் முதுகை நிமிர்த்தி, தலையைக் குனிந்து வணங்கி, எவ்வளவோ நாளைக்குப் பிறகு தெளிவாகப் பேசினார். "ரொம்ப நன்றிங்க. அங்க வச்சிட்டுப் போங்க, என் வீட்டுக்காரி வந்து குடுப்பா." அதன் பிறகு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், சிகுசா. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, முகமூடியைப் பிய்த்து எறிந்தேன். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, கண் மலர்ந்தது. நான் ஆ என்றேன், என் வாய் ஒரு விரல் திறந்தது. அவர் என் வாயை உற்றுப் பார்த்து, சரியாக அந்த ஒரு விரல் அளவுக்குத் தன் வாயைத் திறந்தார், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. கரண்டி போகவில்லை. கரண்டியைத் திருப்பி, ஓரத்தால் ஒழுகவிட்டு, அன்று முழுக்க உள்ளே போனது குழந்தை குடிக்கிற அளவுதான். என் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் அவர் வாய் என்றால், நான் தாடையை இளக்கியாக வேண்டும், வேறு வழி இல்லை. எனக்காக என்றால் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன்.

டாக்டரம்மா ஒரு கட்டு மரக்குச்சி கொடுத்திருந்தாள், ஐஸ் குச்சி போலத் தட்டையாக இருக்கும். வெந்நீர்த் துணியைக் கன்னத்தில் வைத்து, குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே கொடுத்து, தாங்க முடியும் மட்டும் வைத்திருந்து, பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். செருகும்போது காதிலிருந்து நெற்றிப்பொட்டு வரை தெறிக்கும், கண்ணில் நீர் தானாக ஊற்றும், எச்சில் ஒழுகும். அத்தை ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் என் மோவாயைத் துடைத்துக்கொண்டு, வாய் சும்மா இருக்குமா அவளுக்கு. "கல்யாணம் பேச வந்தப்ப எங்கம்மா சொன்னா, பொண்ணு நல்ல பொண்ணு, வாய மூட வைக்கத்தான் ஆள் வேணும்னு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத் தெறக்க வைக்க நான் ஆளா உக்காந்திருக்கேன்" என்பாள். நான் குச்சிகளைக் கடித்துக்கொண்டு முறைப்பேன். "முறைக்காத, இன்னும் ஒண்ணு செருகு, எந்தம்பி பசியோட இருக்கான்" என்பாள், அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிடும். அப்பாவின் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துதான் செய்வேன், வாய் கொஞ்சம் அகன்றதும் உடனே கரண்டி கொடுக்கலாம் என்று. ஒரு குச்சி கூடினால் அவருக்கு அரைக் கரண்டி முட்டைக்கூழ் கூடும். இடையில் வலி மிஞ்சிப் போய் ஒரு நாள் விட்டுவிட்டேன், அடுத்த நாள் ஒரு குச்சி பின்வாங்கிவிட்டது, அன்று அவரும் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் திறந்தார். அதைப் பார்த்த பிறகு நான் ஒரு வேளைகூடத் தவற விடவில்லை. தெருவில் பனி தள்ளும் வண்டி போகும் சத்தம் கேட்டால் மட்டும் அப்பா என்னை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார், வலது கை மடியில் கியர் போடுகிற மாதிரி அசையும். அந்த வண்டியை முப்பது வருஷம் ஓட்டிய கை, அதன் எலும்பெல்லாம் இப்போது தனித்தனியாகத் தெரிகிறது.

போன மாதக் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. குடித்தது வழி மாறி நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் வீட்டுக்கு வந்து பார்க்கிற இசோபே டாக்டர். காய்ச்சல் இறங்கியது, ஆள் இன்னும் இறங்கிவிட்டார். அந்தக் காய்ச்சலின்போதும் நான் குச்சி வைப்பதை நிறுத்தவில்லை. போன வாரம் ஒரு காலையில் என் வாய் இரண்டு விரலைத் தாண்டித் திறந்தது, மூன்றாவது விரலின் நுனியும் போனது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் என் வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கை தட்டினாள். சால்மன் மீனை நன்றாக மசித்து, கஞ்சியில் கலந்து, கெட்டிப்படுத்தும் பொடி போட்டு எடுத்து வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தி ஆ என்றேன். அப்பா என் வாயைப் பார்த்தார். அவர் உதடு பிரிந்தது, பிரிந்துகொண்டே போனது, முன்பு போல, நல்லா அகலமாக. அத்தை கரண்டியை உள்ளே வைத்துவிட்டு, "போச்சுடி, உள்ள போச்சு" என்றாள். அவர் வாயை மூடவில்லை. கஞ்சி நாக்கின் மேல் இருந்தது. நான் என் வாயை மூடிக் காட்டினேன், அவரும் மூடினார். நான் விழுங்கிக் காட்டினேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார், அவர் கழுத்தில் ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கஞ்சி கடைவாய் வழியாக வெளியே வந்தது. மறுபடி வைத்தோம், மறுபடி வந்தது. வாயைத் திறக்கக் கற்றுக்கொடுக்க முடிந்தது, விழுங்குவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள், தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

இசோபே டாக்டர் வந்து தொண்டையைத் தடவிப் பார்த்து, பஞ்சில் நீர் தொட்டு வைத்துப் பார்த்து, என்னையும் அத்தையையும் உட்கார வைத்துப் பேசினார். இனி வாய் வழியாக உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்க முடியாது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கலாம், வைக்காவிட்டால் வாரக்கணக்கு. எது சரி என்று நான் சொல்லமாட்டேன், வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்றார். நான் என் தாடையைத் தொட்டுக் காட்டி, இது சரியான நேரத்தில் திறந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "இந்த வியாதி போற பாதையே இதுதாம்மா. உங்க வாய் நல்லா இருந்திருந்தாலும் இங்கதான் வந்து நின்னிருக்கும்." நிஜமாகச் சொன்னாரோ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ தெரியவில்லை. சில பொழுது நம்புகிறேன், சில பொழுது அந்த முகமூடியைக் கட்டியிருந்த நாட்களை நினைத்து என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அத்தை உடனே குழாய் என்றாள். அவளுக்கு அவன் தம்பி, எந்த விதத்திலாவது மூச்சு இருந்தால் போதும், நான் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் உன் தாத்தாவுக்குக் குழாய் வைத்திருந்த இரண்டு வருஷமும் அப்பா வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது என் காதில் இருக்கிறது. "எனக்கு இப்படி ஆச்சுன்னா வச்சிராத டாசுகோ. வயித்துல ஓட்டை போட்டு ஊத்தறதுக்கு நான் என்ன டீசல் வண்டியா." அப்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்புக்காகச் சொன்னதா, மனசாரச் சொன்னதா என்று கேட்டுக்கொள்ள இப்போது ஆள் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகத்தான் முதலில் இருந்தேன், அப்புறம் இந்தப் பாரத்தில் பாதியை உன் தலையில் வைத்து, காலம் முழுக்க நீ அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று தோன்றியது. குழாய் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொன்னது நான், நான் ஒருத்திதான். அத்தை, "பட்டினி போட்டுக் கொல்லப் போறியா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஆனால் எனக்கு மெல்ல எளிதாக இருக்கட்டும் என்று சோற்றைக் குழைய வடித்து, டோஃபுவை நசுக்கி, என் முன்னால் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிறாள்.

இப்போது வீட்டு நிலவரம் இதுதான். அப்பாவுக்கு வலி இல்லை என்று நர்ஸ் சொல்கிறாள். பஞ்சில் மிசோ சாறு தொட்டு நாக்கில் வைக்கிறோம், ருசி தெரிகிறது போல, கண்ணை மூடிக்கொள்கிறார். தாடை மறுபடி இறுகிவிடாமல் இருக்க இன்னும் பல வாரம் வாயைத் திறந்து மூட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள், நான் அவர் எதிரே உட்கார்ந்து செய்கிறேன். நான் திறக்கும்போது அவரும் திறக்கிறார். கையில் கிண்ணம் இல்லை, கரண்டி இல்லை, இருந்தும் திறக்கிறார். நான் மூடினால் மூடுகிறார். நகுமோ பார்த்துவிட்டு ஒரு நாள் வாசலில் போய் நின்று அழுதாள். எனக்கு அழுகை வருவதில்லை, அந்த நேரம் ஒன்றில்தான் நாங்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கிறோம்.

நீ வா, சிகுசா. என் பல்லுக்காக வர வேண்டாம், அது ஆறிவிட்டது. முதலாளியிடம் அப்பாவைப் பார்க்க என்று சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு வா, இப்போதே வா. நான் கேட்காமல் முடிவெடுத்தேன் என்று உனக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். அங்கே தனியாக உட்கார்ந்து கோபப்படாதே, இங்கே வந்து, அப்பா இருக்கும்போதே, என் முகத்தைப் பார்த்துக் கோபப்படு. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

போகும் வழியும் வரும் வழியும் உனக்குத் துணையாக இருக்கட்டும். உன் கையும் காலும் சுகமாக, உன் பிழைப்பு நேராக, உன்னைப் புரிந்துகொள்கிற மனுஷர்கள் நடுவில் நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம், அப்பாவுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன். மலைப்பக்கம் பனி கொட்டினால் ரயில் நின்றுவிடும், கனமான காலணி போட்டுக்கொண்டு வா, பழைய நீலக் கோட்டை நம்பாதே. இன்னொன்று. நீ வந்து சேரும் வரைக்கும் போனைத் தலைமாட்டிலேயே வைத்திரு, எந்த நேரமானாலும் நான் கூப்பிட்டால் எடு. இனி நான் கூப்பிட்டால் அது பல்லைப் பற்றியதாக இருக்காது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா டாசுகோ